பதினேழு வாசல், ஒரு புறா

இலண்டன் மாநகரில் ஒரு வாசலில் நிற்பதற்குப் பட்டப்படிப்பு அவசியம் என்ற உண்மையை எங்கள் கொம்பனி மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதத்தில் கண்டுபிடித்தது. அதுவரை இது எவருக்கும் தெரியாது. வாசலுக்கும் தெரியாது.

எல்லாருக்கும் கடிதம் வந்தது. நாங்கள் இனிமேல் செக்கியூரிற்றி காட் அல்ல, 'நுழைவு அனுபவ அலுவலர்கள்' என்று முதற் பந்தியில் வாழ்த்தியிருந்தார்கள். இரண்டாம் பந்தியில், 'தாயகப் பாதுகாப்பும் குற்றவியல் நீதியும்' என்ற இளமாணிப் பட்டத்துக்கு ஒன்லைனில் பதிவுசெய்து, முதலாம் வருடத்தைச் சித்தியடையாத அலுவலர்கள் 'தத்தம் வாசல்களில் இருந்து உரிய மரியாதையுடன் விடுவிக்கப்படுவர்' என்றிருந்தது. கீழே முகாமையாளரின் கையெழுத்து. அவர் என்ன படித்தவர் என்று கடிதத்தில் இல்லை.

நாங்கள் பதினேழு பேர். எட்மண்டன் தொடங்கி ஸ்ட்ரெதம் வரை பதினேழு வாசல்களில் நின்றோம். எல்லாரும் நாற்பதைத் தாண்டினவர்கள். என் வாசல் ஸ்ட்ரெதத்தில் ஒரு நூலகம். அங்கே களவுபோகக்கூடிய பொருள் புத்தகம் மட்டும் என்பதால் களவே நடப்பதில்லை.

எங்களில் மூத்தவர் பெனடிக்ற் அண்ணை. மன்னார்க்காரர். எட்மண்டனில் வீடமைப்பு அலுவலகம் ஒன்றின் வாசலில் பதினொரு வருடமாக நின்றார். வீடு கேட்டு வருகிற சனம் கோபத்தோடுதான் வரும். கண்ணாடிக் கதவுக்கு உதைக்கப் போகிறவனை அண்ணை பஸ் தரிப்பிடத்தில் வைத்தே அடையாளம் கண்டுவிடுவார். கிட்டப் போய், "காலமை ஏதும் சாப்பிட்டீரோ?" என்று கேட்பார். அவ்வளவுதான். பதினொரு வருடத்தில் அந்தக் கண்ணாடி ஒருமுறைகூட உடையவில்லை. இந்த வித்தைக்குப் பாடத்திட்டத்தில் புள்ளி இல்லை.

அவருடைய மனைவி பியற்றிஸ் அக்கா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாவாம்.

"தாயகப் பாதுகாப்போ? எந்தத் தாயகத்தை?"

"அது போட்டிருக்கேல்லை," என்றார் அண்ணை.

"கேட்டு எழுதுங்கோவன். பிறகு மாறிக் கீறிப் பாதுகாத்துப் போடாதையுங்கோ."

பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்று எங்களில் எவருக்கும் தெரியாது. இணையத்தில் அதன் பக்கத்தைத் திறந்தால் செங்கல் கட்டடம், பெரிய மரம், மரத்தின் கீழ் சிரிக்கிற இளம் பிள்ளைகள். மிகச் சிறிய எழுத்தில், 'படத்திலுள்ள கட்டடம் எமதல்ல' என்று நேர்மையாகவும் போட்டிருந்தார்கள். மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

படிப்புத் தொடங்கியது. வாரம் ஒரு காணொளி. அதன்பிறகு கலந்துரையாடல் பலகையில் ஒரு கருத்தை எழுதி, வேறு இரண்டு மாணவரின் கருத்துக்குப் பண்போடு பதில் போடவேண்டும். 'எல்லைகளின் எதிர்காலம்' என்ற தலைப்பின் கீழ் பதினேழு பேரும் 'மிகவும் ஆழமான கருத்து அண்ணை' என்று ஒருவருக்கொருவர் எழுதிப் பத்துக்குப் பத்து எடுத்தோம். இரண்டாவது மொடியூலில், கட்டடத்தை விட்டு வெளியேறும் ஆளை மறித்து 'எங்கே போகிறீர்கள்?' என்று கேட்கும் பயிற்சி. அதை மட்டும் எங்களால் செய்ய முடியவில்லை. வெளிக்கிட்டுப் போகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? பதினேழு பேரும் பயிற்சிக் காணொளியில் "போயிட்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பினோம். அந்த மொடியூலில் எல்லாருக்கும் நூற்றுக்கு நாற்பது.

அப்போதுதான் கிறிஸ்துநாயகம் மாஸ்ரரிடம் போவது என்று முடிவெடுத்தோம்.

உலகத்தில் எந்தப் படிப்பு இருந்தாலும் அதற்கு ஒரு ரியூசன் இருக்கவேண்டும் என்பது எங்கள் சனத்தின் அசைக்கமுடியாத நம்பிக்கை. மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் இரசாயனம் படிப்பித்தவர். தாயகப் பாதுகாப்பு அவருக்குத் தெரியாது. அது ஒரு குறையாக எவருக்கும் படவில்லை. எட்மண்டனில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில், ஞாயிறு பூசை முடிந்த கையோடு வகுப்பு. கீழே கருவாட்டுப் பெட்டி இறக்குகிற சத்தத்துக்கு மேலால் மாஸ்ரர் முழங்குவார்.

"விளங்கோணும் எண்டு கஷ்டப்படாதையுங்கோ. விளங்கினவன் சோதினையிலை யோசிப்பான். யோசிச்சால் நேரம் போகும். பாடமாக்கினவன் ஒரு நாளும் தோற்கமாட்டான்."

இது உண்மை. இந்த முறையில் எங்கள் சமூகம் எத்தனையோ பொறியியலாளரை உண்டாக்கியிருக்கிறது. சில பாலங்கள் இன்னும் நிற்கின்றன.

முதலாம் வருடத்தின் கடைசி மொடியூலுக்கு ஒரே ஒரு கட்டுரைதான். 'உங்கள் சொந்த அனுபவத்தில் நீங்கள் அவதானித்த ஓர் அச்சுறுத்தலை விபரித்து, அதற்கு நீங்கள் ஆற்றிய எதிர்வினையை மதிப்பிடுக.' இதில் சித்தியடைந்தால் வாசல். இல்லையென்றால் உரிய மரியாதை.

பெனடிக்ற் அண்ணை கையைத் தூக்கினார்.

"மாஸ்ரர், சொந்த அனுபவம் எண்டெல்லோ கேட்டிருக்கு?"

"ஓம். சொந்த அனுபவத்தை நான் எழுதித் தாறன்."

"எனக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையே."

"இஞ்சை இருக்கிற ஆருக்கு நடந்தது? பத்மநாதன், உமக்கு?"

என்னைத்தான் கேட்டார். ஒருநாள் நூலகத்துக்குள் நரி ஒன்று வந்தது என்று சொன்னேன்.

"அச்சுறுத்தலுக்கு நரி காணாது," என்றார் மாஸ்ரர். "பெனடிக்ற், கேள்விக்கு விடை வேணும். நடந்ததோ நடக்கேல்லையோ எண்டது வேறை பாடம். அது இந்த வருசத்துச் சிலபசிலை இல்லை."

அடுத்த ஞாயிறு மாதிரி விடை வந்தது. பதினேழு பிரதி. கடைக்காரரின் மெசினில் அடித்ததால் கருவாட்டு வாசம் இலேசாக இருந்தது. செவ்வாய்க்கிழமை. மழைத் தூறல். முற்பகல் பத்து இருபது. வாசலுக்கு இடப்பக்கத்தில் உரிமைகோரப்படாத நீல நிறப் பை ஒன்று. அருகில் பச்சைத் தொப்பி அணிந்த, நடுத்தர உயரமுள்ள, அவசரமற்ற ஒரு மனிதர். 'எனது நெஞ்சு படபடத்தது. எனினும் பயிற்சி என்னைக் கைவிடவில்லை.' இந்த இடத்தில், பையின் மீது ஒற்றைக்கால் புறா ஒன்று வந்து அமர்ந்து, உடனே பறந்துபோனது.

"புறா ஏன் மாஸ்ரர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"காட்சி விபரிப்புக்கு அஞ்சு புள்ளி. ஒற்றைக்கால் நுணுக்க அவதானிப்பு. அதுக்கு வேறை மூண்டு."

சொற்களை ஆளுக்காள் கொஞ்சம் மாற்றச் சொன்னார். நாங்கள் மாற்றவில்லை. மாஸ்ரரின் விடையில் கைவைத்துப் புள்ளி குறைந்தவர்களின் சரித்திரம் எங்களுக்குத் தெரியும். பதினேழு பேரும் முற்றுப்புள்ளி பிசகாமல் பாடமாக்கி அனுப்பினோம். பெனடிக்ற் அண்ணையும் அனுப்பினார். கடைசி நாள்வரை வைத்திருந்துவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பொத்தானை அமத்தினதாக அக்கா சொன்னா.

இனி நடந்ததற்குப் பல்கலைக்கழகத்தைக் குறை சொல்ல முடியாது. அங்கே எல்லாம் ஒழுங்குமுறைப்படியே நடந்தது. அதுதான் பிரச்சினை.

கட்டுரைகள் ஒரே மாதிரி இருக்கின்றன என்று மென்பொருள் சிவப்பு விளக்கைப் போட்டது. ஒரே மாதிரியான விடைகளைக் கவனிக்க ஒரு பிரிவு உண்டு. ஆனால் அன்றைக்கு அந்தப் பிரிவு முழுவதும் மனநல மேம்பாட்டு நாளுக்காகக் களிமண்ணில் சட்டி செய்யப் போயிருந்தது. அதனால் கோப்பு பக்கத்து மேசைக்குப் போனது. அது அச்சுறுத்தல்களைக் கவனிக்கும் மேசை. அங்கே இருந்தவர் தம் கடமையின் கண்ணாடியால் பார்த்தார். இலண்டனின் பதினேழு இடங்களில், ஒரே செவ்வாய்க்கிழமை, ஒரே நிமிடத்தில், பதினேழு நீலப் பைகள். பதினேழு பச்சைத் தொப்பிகள். அவர் தேநீரை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

இரண்டு கிழமையில் எங்களுக்கு அழைப்பு வந்தது. அழைத்த அலுவலகத்தின் பெயரை வெளியே சொல்லமாட்டோம் என்று கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்து வாங்கின தாளிலும் பெயர் இல்லை.

விசாரித்தவர் திரு. பெல்லமி. பதவி, தகவல் மதிப்பீட்டு முதுநிலை அலுவலர். சாந்தமான மனிதர். அவர் பேசியது ஆங்கிலம். அதன் தகுதிக்கேற்ற தமிழில் இங்கே தருகிறேன். பக்கத்தில் பிறேமினி என்ற மொழிபெயர்ப்பாளர் பிள்ளை இருந்தா. எங்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் அவவுக்கு வேலை இருக்கவில்லை. விதிப்படி இருந்தா.

"என் முன்னால் இரண்டு படிவங்கள் உள்ளன," என்றார் திரு. பெல்லமி. "பதினோராம் படிவம் பரீட்சை மோசடிக்குரியது. பன்னிரண்டாம் படிவம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சாட்சியத்துக்குரியது. நீங்கள் அந்தப் பையைக் கண்டிருந்தால் பன்னிரண்டு. காணாவிட்டால் பதினொன்று. எவ்வித அழுத்தமுமின்றித் தாங்கள் தெரிவுசெய்யலாம்."

எவ்வித அழுத்தமுமின்றி நான் பன்னிரண்டைத் தெரிவுசெய்தேன்.

"தங்கள் சொந்த வார்த்தைகளில் கூறுங்கள்."

கூறினேன். செவ்வாய்க்கிழமையில் தொடங்கிப் புறாவில் முடித்தேன். மூச்சுவிட வேண்டிய இடங்களைக்கூட மாஸ்ரர் சொல்லித்தந்திருந்தார். திரு. பெல்லமியின் கண்கள் கலங்கின.

"இருபத்திரண்டு வருட சேவையில்," என்றார், "இரண்டு சாட்சிகள் ஒரு தொப்பியின் நிறத்தில் ஒத்துப்போனதை நான் கண்டதில்லை. நீங்களோ புறாவின் காலில் ஒத்துப்போகிறீர்கள். எத்தகைய பயிற்சி! எங்கே படித்தீர்கள்?"

"ஒன்லைனிலை," என்றேன்.

பதினாறு பேரும் இப்படியே சொல்லி முடித்தோம். கடைசியாக விசாரிக்க இருந்தவர் பெனடிக்ற் அண்ணை. அவருடைய முறை வரமுன்னமே அறிக்கை வெளிவந்துவிட்டது. 'ஒருமித்த அவதானிப்பு' என்று அதற்குப் பெயர். பதினேழு வாசல்களிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். பச்சைத் தொப்பி அணிந்து அவசரமின்றி நடக்கும் எவரையும் மறித்து விசாரிக்கவேண்டும். அவசரமாக நடந்தால் விடலாம். என் நூலகத்துக்கு எதிரே பூங்காவில் வேலைசெய்கிற தோட்டக்காரர் மூன்று தரம் மறிக்கப்பட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டுக் குளிருக்குக் காதில் பஞ்சோடு திரிந்தார். புறாக்களுக்கும் ஒரு பதிவேடு வந்தது. வந்த நேரம், போன திசை, கால்களின் எண்ணிக்கை: ஒன்று, இரண்டு, ஏனையவை.

நாங்கள் அதை ஒழுங்காக நிரப்பினோம். 'ஏனையவை' பகுதியில் நானே ஒருநாள் ஒன்று பதிந்தேன். மழைக்குள் சரியாகத் தெரியவில்லை.

அந்தக் கிழமை வகுப்புக்கு பியற்றிஸ் அக்காவும் வந்தா. எல்லாருக்கும் மீன் பற்றிஸ் பொரித்துக் கொண்டுவந்தா. நடுவில் என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டா.

"தம்பி, உங்கட அண்ணை புதன்கிழமை போய், காணேல்லை எண்டு சொல்லப்போறாராம்."

"ஏனாம்?"

"ஏனெண்டு கேளும். இருவது வருசத்துக்கு மேலை நான் கேட்டுக் களைச்சுப்போனன். ஊரோடை ஒத்தோடத் தெரியாத மனுசன். 'கண்டனான்' எண்டு ஒரு சொல்லுத்தானே? வாய்க்குள்ளை முள்ளே இருக்கு? அந்த வாசல் போனால், இந்த வயசிலை இவருக்கு ஆர் வாசல் குடுப்பினம்?"

மேலே போய் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தேன். மாஸ்ரருக்கும் விசயம் தெரிந்திருந்தது.

"பெனடிக்ற்," என்றார் மாஸ்ரர், "நீர் காணேல்லை எண்டால், மற்றப் பதினாறு பேரும் கள்ளர் எண்டு வரும். விளங்குதோ?"

"நான் மற்றவையைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டன். நான் காணேல்லை எண்டு மட்டும் சொல்லுவன்."

"அப்ப ஏன் எழுதினனீர்?"

"பயத்திலை எழுதினன் மாஸ்ரர். எழுதினது என்ரை பிழை. அதை அங்கை போய்ச் சத்தியம் பண்ணச் சொன்னால் நான் என்ன செய்யிறது?"

"சத்தியமோ? ஒரு புறாவுக்கு இவ்வளவு கதையோ?" என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தோம். அண்ணையும் சிரித்தார். பற்றிஸ் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "புதன்கிழமை நீர் எனக்குத் துணைக்கு வாறீரோ?" என்று கேட்டார்.

ஒவ்வொரு சாட்சியும் ஒரு 'நலன்புரித் துணைவரை' அழைத்துவரலாம் என்று விதி இருந்தது. பற்றிஸ் வாய்க்குள் இருந்ததால் தலையை ஆட்டிவிட்டேன்.

புதன்கிழமை திரு. பெல்லமி எங்களைக் கண்டதும் எழுந்து கைகொடுத்தார். பன்னிரண்டாம் படிவத்தை ஏற்கனவே நிரப்பி வைத்திருந்தார். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"ஐயா, நான் தமிழிலை சொல்லப்போறன்," என்றார் அண்ணை. பிறேமினி நிமிர்ந்து இருந்தா.

"நீங்கள் அந்த நீலப் பையைக் கண்ட விதத்தைக் கூறுங்கள்."

"நான் காணேல்லை."

பிறேமினி உடனே மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ. எழுதினால் எழுதினதுதான்," என்றா.

"யோசிச்சுத்தான் பிள்ளை சொல்லுறன். நீர் சொல்லும்."

சொன்னா. திரு. பெல்லமி பேனையைத் திருப்பி வைத்தார்.

"மழை?"

"அண்டைக்கு மழையோ தெரியாது."

"புறா?"

"புறா எல்லா நாளும் நிக்கும். ரெண்டு காலோடை."

"ஆனால் தங்கள் கட்டுரையில் தாங்களே கண்டதாக எழுதியுள்ளீர்களே?"

"பொய் எழுதினனான் ஐயா. சோதினைக்கு எழுதினது. அதுக்குத் தண்டனை எண்டால் தாங்கோ. பதினோராம் படிவத்தைத் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

திரு. பெல்லமி பதினோராம் படிவத்தைத் தொடவில்லை. ஒரு புதிரை அவிழ்க்கிற ஆளின் அமைதியோடு சொன்னார்:

"பதினாறு சாட்சிகளால் உறுதிசெய்யப்பட்ட ஒரு பையைக் காணவில்லை என்று சொல்வது சாத்தியமல்ல. ஆகவே தாங்கள் கண்டிருக்கிறீர்கள். கண்டதை எழுதியும் இருக்கிறீர்கள். இப்போது மறுக்கிறீர்கள். தங்களைச் சந்தித்துப் பேசியவர் யார்?"

"என்னைச் சந்திச்சது பியற்றிஸ் மட்டுந்தான். அவ கண்டனான் எண்டு சொல்லச் சொல்லித்தான் சண்டை பிடிச்சவ."

பிறேமினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தா. திரு. பெல்லமி, 'பியற்றிஸ்' என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

அப்போது அண்ணை கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். வாசலில், கத்தப்போகிற ஆளுக்குக் கிட்டப் போவாரே, அதே மாதிரி.

"ஐயா, ஒரு கதை சொல்லட்டோ? தொண்ணூற்றொன்பதிலை நான் இந்த நாட்டுக்கு வந்தனான். மன்னாரிலை இருந்து வள்ளத்திலை வெளிக்கிட்டனாங்கள், பதினாலு பேர். நடுக்கடலிலை துவக்குச் சூடு விழுந்தது. என்ரை தம்பி என்ரை மடியிலை கிடந்துதான் செத்தவன். இஞ்சை வந்து அதைச் சொன்னன். இப்பிடித்தான் ஒரு மேசை. நீங்கள் எழுதி அனுப்பின பதில் இப்பவும் வீட்டிலை கிடக்கு. என்ன எழுதினீங்கள் தெரியுமோ? 'உமது கூற்று ஏனைய விண்ணப்பதாரர்களின் கூற்றை மிக நெருக்கமாக ஒத்திருக்கிறது. ஆதலால் நம்பத்தக்கதல்ல.'"

அந்த வசனத்தை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். அதையும் பாடமாக்கித்தான் வைத்திருந்தார்.

"ஒரே வள்ளத்திலை வந்தால் ஒரே கதைதானே ஐயா? அதை நம்பப் பண்ண எனக்கு நாலு வருசம் எடுத்தது. நாலு வருசமும் என்ரை தம்பி சாகேல்லை எண்டு நீங்கள் சொல்லிக்கொண்டு இருந்தீங்கள். இப்ப, ஆரும் காணாத பையொண்டு, எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லீனம் எண்டதாலை உண்மையாப் போச்சுது. அதுக்கு நானும் கையெழுத்து வைக்கட்டாம். எனக்கு ஏலாது."

பிறேமினி ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தா. திரு. பெல்லமி முழுவதையும் மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்," என்றார். "ஆயினும் அது பழைய நடைமுறை. அக்காலத்தில் ஒற்றுமை சந்தேகத்தின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. நடைமுறை பின்னர் மேம்படுத்தப்பட்டுள்ளது. இப்போது ஒற்றுமை நம்பகத்தன்மையின் அறிகுறி."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தாங்கள் இங்கே துணைவர்தான். எனினும் சாட்சியும் கூட. சொல்லுங்கள். அந்தப் பை இருந்ததா?"

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அப்படிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

எனது நெஞ்சு படபடத்தது. எனினும் பயிற்சி என்னைக் கைவிடவில்லை.

"ஓம்," என்றேன். "நீல நிறம்."

திரு. பெல்லமி மேசை லாச்சியைத் திறந்து பதின்மூன்றாம் படிவத்தை எடுத்தார். அப்படி ஒன்று இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. 'உள்ளகச் சந்தேகம்' என்று தலைப்பு. வெளியே வந்ததும் அண்ணை ஜாக்கெற்றின் சிப்பை இழுத்து மூடினார்.

"வாரும், தேத்தண்ணி குடிப்பம்," என்றார். "நீர் காலமை ஏதும் சாப்பிட்டனீரோ?"

அவரோடு போய்த் தேத்தண்ணி குடித்தேன். வேறு என்ன செய்ய?

பதினாறு பேரும் முதலாம் வருடம் சித்தியடைந்தோம். எங்கள் கட்டுரைகள் 'களத்தில் உறுதிப்படுத்தப்பட்டவை' என்று விசேட சித்தி தந்தார்கள். பெனடிக்ற் அண்ணை விடுவிக்கப்பட்டார். கொம்பனி சொன்ன சொல் தவறாமல் உரிய மரியாதை செய்தது. ஒரு வாழ்த்து மட்டை, அதில் எல்லாரும் கையெழுத்து. நானும் வைத்தேன். அவர் இப்போது பொதிகள் பிரிக்கிற களஞ்சியம் ஒன்றில் வேலை. அங்கே வாசல் இல்லை, இரும்புச் சுருள் கதவுதான்.

அவருடைய எட்மண்டன் வாசலுக்கு என்னை மாற்றினார்கள். முதற் கிழமையே கண்ணாடி உடைந்தது. இரண்டாம் கிழமை அண்ணை வந்தார். வீடு கேட்டு வரிசையில் நிற்க வந்தார் என்று நினைத்தேன். இல்லை. வேலைக்குப் போகிற வழியாம்.

"பயப்பிடாதையும், பையொண்டும் கொண்டுவரேல்லை," என்று சிரித்தார். பிறகு கண்ணாடிக்குப் போட்டிருந்த பலகையைப் பார்த்தார். "அங்கை பாரும், அந்தச் சிவப்புக் கோட்டுப் போட்ட மனுசி. அவ செவ்வாய்க்கிழமையிலை வருவா. நிக்க விட்டால் மயங்கிப் போவா. கதிரை ஒண்டு குடும். மற்றது, சுவரோடை நிக்கிற அந்தப் பெடியன்ரை முகத்தைப் பார்க்காதையும். காலைப் பாரும். கால் ஆடத் தொடங்கினால் கிட்டப் போம்."

"போய் என்ன சொல்ல அண்ணை?"

"அதுக்கும் மாஸ்ரர் எழுதித் தரவேணுமோ?" என்றார். தோளில் தட்டிவிட்டுப் போனார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

போன ஆனியில் எங்களுக்கு இறுதிப் பரீட்சை. பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தை அண்மைய நிகழ்வுகளுக்கு ஏற்பப் புதுப்பித்திருந்தது. கட்டாயக் கேள்வி ஒன்று. 'உங்கள் சொந்த அனுபவத்தில், உள்ளகச் சந்தேக நபராக மாறிய சக ஊழியர் ஒருவரை விபரித்து, நீங்கள் முன்கூட்டியே அவதானித்திருக்க வேண்டிய அறிகுறிகளை ஆராய்க.' மாஸ்ரர் இரண்டு கிழமையில் மாதிரி விடை தந்தார். இந்த முறை பெரிதாக ஒன்றும் கற்பனை பண்ணத் தேவைப்படவில்லை என்றார். வயது ஐம்பதைத் தாண்டியவர். தனித்துச் சிந்திப்பவர். பொதுக் கருத்தோடு ஒத்துப்போகாதவர். வாசலுக்கு வருவோருடன் தேவையற்ற நெருக்கம் பேணியவர். எல்லாம் இருந்தது. பதினாறு பேரும் பாடமாக்கினோம்.

பரீட்சையில் முழுவதையும் பிசகாமல் எழுதினேன். கடைசியில் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. யோசித்தால் நேரம் போகும் என்றுதான் மாஸ்ரர் சொன்னார்; நேரம் மிஞ்சினால் மனுசன் யோசிக்கத் தொடங்கிவிடுவான் என்று சொல்லவில்லை. கடைசிப் பந்திக்குக் கீழே என் சொந்தமாக ஒரு வசனம் சேர்த்தேன். மூன்று வருடப் படிப்பில் நானாக எழுதின ஒரே வசனம்: 'அவர் உண்மை சொன்னார்.'

பெறுபேறு வந்தது. மற்றப் பதினைந்து பேருக்கும் எழுபத்தைந்து. எனக்கு எழுபத்திரண்டு. அந்த வசனத்துக்குப் பக்கத்தில் பரீட்சகர் குறிப்பு எழுதியிருந்தார்:

'ஏனைய விடைகளுடன் ஒத்துப்போகவில்லை. ஆதாரம் எங்கே?'